பையைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்!

ஆல்ப்ஸ் மலையில் குடும்பத்தோடு ஒரு சைக்கிள் விடுமுறை

"நாங்கள் மூன்று பேரும் மேலே போய்விட்டு வருகிறோம். நீ கீழேயே இரு. இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்!"

இந்த வார்த்தைகளைக் கேட்காத குடும்பத் தலைவி உண்டா? பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு முன்னால் கேட்டிருப்பீர்கள். கொடைக்கானலில் படகுத் துறையில் கேட்டிருப்பீர்கள். ‘குழந்தைகள் சந்தோஷமாக இருந்தால் சரி’ என்று, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் மறு கையில் எல்லோருடைய செருப்புமாக உட்கார்ந்தும் இருப்பீர்கள்.

இப்போது உங்கள் வீட்டில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கலாம். பையன் எங்கேயோ படம் பார்த்துவிட்டு வந்து, "அப்பா! ஆல்ப்ஸ் மலையில் சைக்கிளோடு லிஃப்டில் ஏறி, சைக்கிளிலேயே கீழே இறங்குகிறார்களாம். நாமும் போகலாமா?" என்று கேட்டிருப்பான். அப்பா பேனாவை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்திருப்பார். நீங்கள் மட்டும் மனத்துக்குள், ‘அங்கேயும் நமக்குப் பைதானா?’ என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

வேண்டாம், சகோதரி! இந்தத் தடவை நீங்களும் இறங்க வேண்டும்.

"நான் சைக்கிள் விட்டே இருபது வருஷம் ஆகிறதே!" என்கிறீர்களா? அதற்காகவேதான் சொல்கிறேன். மலைச் சைக்கிள் விடுமுறையை வீட்டிலேயே தைரியசாலி யாரோ அவரை வைத்துத் திட்டம் போட்டால், அது ஆஸ்பத்திரியில் போய் முடியக்கூடும். மிகவும் பயப்படுகிறவர் யாரோ, மிகவும் சின்னவர் யாரோ, அவரை வைத்துத் திட்டம் போட்டால் அத்தனை பேரும் முழங்கால் முழுசாக வீடு திரும்பலாம். இதை நான் முதல் நாளே தெரிந்துகொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எந்த மலைக்குப் போவது?

மலைச் சைக்கிள் பிறந்தது அமெரிக்காவில், கலிபோர்னியாவில். 1970களில் அங்கே சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய், மண் பாதையில் உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். 1976ல் பந்தயமும் வைத்தார்கள். பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். இறங்கி வருவதற்குள் பின் சக்கரத்துப் பிரேக் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் எரிந்து போகுமாம். ஒவ்வொரு தடவையும் புதிதாக அடைக்க வேண்டுமாம். அதனால் அந்தப் பெயர்! அந்த விளையாட்டு 1996ல் ஒலிம்பிக் பந்தயத்திலேயே இடம் பெற்றுவிட்டது.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம், பிரான்ஸும் ஸ்விட்ஸர்லாந்தும் சேரும் எல்லையில் இருக்கிறது. ‘போர்த் து சொலெய்’ என்று பெயர். ‘சூரியனின் வாசல்கள்’ என்று அர்த்தம். இரண்டு தேசங்களிலுமாக 12 மலை ஊர்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களை ஏற்றிச் செல்லும் லிஃப்டுகள், கோடையில் சைக்கிள்களை ஏற்றிச் செல்கின்றன. பழனி மலை ரோப் காரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுபோலக் கூண்டு லிஃப்டும் உண்டு. திறந்த நாற்காலி லிஃப்டும் உண்டு. நீங்கள் உட்கார்ந்தால் போதும். சைக்கிள் கொக்கியில் தொங்கிக்கொண்டு கூடவே வரும். மூச்சு வாங்க மிதித்து ஏறும் வேலையே இல்லை.

பிரான்ஸ் பக்கத்தில் மோர்ஸீன், லே ஜே என்ற இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. லே ஜே என்பதன் எழுத்தைப் பார்த்தால் ‘லெஸ் கெட்ஸ்’ என்றுதான் படிக்கத் தோன்றும். அப்படிக் கேட்டால் பஸ்காரருக்குப் புரியாது. 2004லும் 2022லும் உலக மலைச் சைக்கிள் போட்டி நடந்தது இந்த லே ஜேயில்தான். அதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். வீரர்கள் இறங்கும் மலையிலேயே, கன்றுக்குட்டி நடப்பதுபோல் இறங்கும் பாதைகளும் உண்டு.

உயரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். மோர்ஸீன் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; லே ஜே 1,172 மீட்டர். நம் உதகமண்டலமோ 2,240 மீட்டர்! ஜினிவா விமான நிலையத்தில் இறங்கினால் வண்டியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பிரயாணம்.

எப்போது போவது?

இங்கேதான் முதல் முடிச்சு. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். அப்போது அந்த மலைகளில் பனி உருகிக்கொண்டிருக்கும். பாதையெல்லாம் சேறாக இருக்கும். சைக்கிள் லிஃப்டுகள் ஓடா. அவை ஓடுவது ஏறக்குறைய ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரையில்தான். ஆகையால் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்த வருஷம் எந்த லிஃப்ட் எந்தத் தேதியில் திறக்கிறது என்று பாருங்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்குமா என்று விசாரியுங்கள். லண்டன் பக்கத்தில் இருக்கும் அக்கா, தம்பி குடும்பத்தோடு சேர்ந்து போவதானால், அவர்களுடைய கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில்தான் ஆரம்பிக்கிறது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரான்ஸுக்கும் ஸ்விட்ஸர்லாந்துக்கும் அந்த ஒரே விசா போதும். எந்தத் தேசத்தில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்தத் தேசத்திடம் மனுப் போட வேண்டும். விமானம் ஸ்விட்ஸர்லாந்தில் இறங்கினாலும், தங்குவது மோர்ஸீன் என்றால் பிரான்ஸிடம்தான் மனு. பிரயாணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே போடலாம். 15 நாளுக்குக் குறைந்தால் ஆகாது. 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 6 வயதிலிருந்து 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு 45 யூரோ. அதற்கும் சின்னக் குழந்தைகளுக்குக் கட்டணமே இல்லை.

விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷ்யூரன்ஸ் காட்ட வேண்டும். ‘அதுதான் இருக்கிறதே!’ என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். சாதாரணப் பிரயாண இன்ஷ்யூரன்ஸ் பலவற்றில், பொடி எழுத்தில், ‘சாகச விளையாட்டுகள் நீங்கலாக’ என்று ஒரு வரி இருக்கும். லிஃப்டில் ஏறிச் சைக்கிளில் இறங்குவதை அந்த வரியில் சேர்த்துவிடுவார்கள். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி வர நேர்ந்தால் செலவு யார் தலையில் என்பதை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு தேசங்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

சாப்பாட்டு மூட்டை

நம் வீட்டு மூட்டையில் ஒரு மாறுதல் செய்ய வேண்டியிருக்கிறது. பாலில் செய்த பண்டங்களையும் மாமிசப் பண்டங்களையும் இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுபோகக் கூடாது. நெய் டப்பாவும் பால்கோவாவும் சுங்கத்தில் நின்றுவிடும். பச்சைக் கறிவேப்பிலைக் கொத்துக்கும் அதே கதிதான். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எண்ணெயில் செய்த தொக்கு, இவையே போதும். தங்குவதற்குச் சமையலறை உள்ள ஜாகையாகப் பிடித்துவிட்டால் அரிசியும் பருப்பும் பாலும் தயிரும் அங்கேயே வாங்கலாம்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பக்கத்தில் பாலாடைக்கட்டி உருக்கிச் செய்யும் பலகாரங்கள் பிரசித்தம். அபோந்தான்ஸ் என்ற பாலாடைக்கட்டிக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கின் பெயரேதான். ஆனால் அங்கே பல பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைப் போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். உருளைக்கிழங்குப் பலகாரம்தானே என்று ‘தார்த்திஃப்ளெத்’ கேட்டால், அதில் பன்றி மாமிசத் துண்டுகள் கலந்திருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

வீட்டிலேயே தயாராகுங்கள்

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமில்லாத மைதானத்துக்குச் சைக்கிளைக் கொண்டுபோங்கள். குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்களுக்குச் சைக்கிள் மறக்கவே மறக்காது. கொஞ்சம் வெட்கம்தான் போக வேண்டும்! வேகமாகப் போகப் பழக வேண்டாம். மூன்று விஷயம் பழகினால் போதும்: ஆசனத்தில் உட்காராமல் இரண்டு பெடலிலும் சமமாக நின்றுகொண்டு உருளுவது, நினைத்த இடத்தில் நிறுத்துவது, கல்லைப் பார்க்காமல் போக வேண்டிய வழியைப் பார்ப்பது. கல்லையே பார்த்தால் சைக்கிள் கல்லுக்குத்தான் போகும்.

சைக்கிளை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அங்கே வாடகைக்குக் கிடைக்கும். குழந்தைக்கு எடுக்கும்போது வயதைச் சொல்லாதீர்கள், உயரத்தைச் சொல்லுங்கள். அடுத்த வருஷமும் உதவட்டும் என்று பாவாடையைத்தான் பெரிதாகத் தைக்கலாம். சைக்கிளைப் பெரிதாக எடுக்கக் கூடாது. ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம், முழங்கைக் கவசம் நான்கும் எல்லோருக்கும் வேண்டும். 2017 மார்ச்சிலிருந்து பிரான்ஸில் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல் போகக் கூடாது என்பது சட்டம். உடைக்குக் கணுக்காலில் இறுக்கமாக இருக்கும் காற்சட்டைதான் சரி. சங்கிலியில் மாட்டும் எதுவும் வேண்டாம்.

எந்தக் கை, எந்தப் பிரேக்?

இப்போது என் கதையைக் கேளுங்கள். முதல் நாள், புல் தரையில்தான் விட்டுப் பார்த்தேன். பின் பிரேக்கைப் பிடிப்பதாக நினைத்து இடது கையை அழுத்தினேன். அடுத்த நிமிஷம் கைப்பிடிக்கு மேலாகப் பறந்துபோய்ப் புல்லில் விழுந்தேன். விழுந்த இடத்துக்குச் சற்று முன்புதான் ஒரு பசுமாடு வந்து போயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்!

காரணம் இதுதான். நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு, இடது கைப் பிரேக் பின் சக்கரத்துக்கு. அங்கே நேர் மாறு. இடது கை பிடிப்பது முன் சக்கரத்தை! அதுவும் ஒற்றை விரலால் தொட்டாலே கப்பென்று பிடிக்கும் பிரேக். வாடகைக் கடை வாசலிலேயே ஒவ்வொருவரும் நாலு தடவை தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்துப் பாருங்கள். இடது பிரேக்கில் கொஞ்சம் வர்ணத் துணியைச் சுற்றிவிட்டால் குழந்தைகளுக்கு ஞாபகம் இருக்கும். குடும்பத்தில் அத்தனை பேரையும் காப்பாற்றக்கூடிய யோசனை இந்தக் கட்டுரையில் ஒன்று உண்டென்றால், இதுதான் அது.

முதல் மூன்று நாட்கள்

பாதைகளுக்கு நிறம் வைத்து அடையாளம் போட்டிருக்கிறார்கள். பச்சை மிக எளிது, நீலம் எளிது, சிவப்பு கடினம், கறுப்பு வீரர்களுக்கு. ஆனால் ‘எளிது’ என்பது அவர்கள் கணக்கு! நம் கணக்கில் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் லிஃப்டே வேண்டாம். மோர்ஸீனுக்குப் பக்கத்தில் மோன்ரியோன் என்ற ஏரி இருக்கிறது. அதன் கரையோரமாகச் சமதரையில் சைக்கிள் விடுங்கள். அங்கிருந்து மேலே லிந்தாரே என்ற குக்கிராமத்தில் வெள்ளாடுகள் வீதியெல்லாம் சுதந்திரமாகத் திரிகின்றன. கையில் தின்பண்டம் இருந்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். குழந்தைகளுக்கு அது ஒன்றே போதும்.

இரண்டாம் நாள் காலையில் அரை நாளுக்கு ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கார் பரீட்சை தேறியவர்கள் இருக்கிறார்கள். அப்பா சொன்னால் முறைத்துக்கொள்ளும் பிள்ளைகள், அந்நியர் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். அப்பாவும் கேட்டுக்கொள்வார்! பிறகு லிஃப்டில் ஏறிப் பச்சைப் பாதையில் ஒரே ஒரு தடவை இறங்குங்கள்.

மூன்றாம் நாள் ஓய்வு. வலி காலில் வரும் என்று நினைத்திருப்பீர்கள். உள்ளங்கையிலும் முன்கையிலும்தான் வரும். லே ஜேயில் குளிப்பதற்கு ஓர் ஏரி இருக்கிறது. தானாகப் பாடும் பழைய இசைப் பெட்டிகளின் கண்காட்சிசாலையும் இருக்கிறது. பாட்டி கூட வந்திருந்தால் அவரையும் கூண்டு லிஃப்டில் ஏற்றுங்கள். நடந்து போகிறவர்களையும் ஏற்றிக்கொள்கிறார்கள். கழுத்தில் மணி கட்டிய செந்நிறப் பசுக்கள், வெள்ளை முகத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டதுபோல் பட்டையோடு மேய்வதைப் பாட்டி ரசிக்கட்டும்.

இரண்டாம் நாள் எங்களுக்கு ஒரு சோதனை வந்தது. ‘பச்சைதான் சுலபமாக இருந்ததே’ என்று ஓய்வு எடுக்காமல் சாயங்காலமே நீலப் பாதைக்குப் போய்விட்டோம். பாதி வழியில் ஒன்பது வயது மகள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "வரமாட்டேன்" என்று ஒரே அழுகை. அண்ணன்காரன் கீழே நின்றுகொண்டு, "பயந்தாங்கொள்ளி!" என்று கத்தினான். இவர், "இன்னும் கொஞ்ச தூரந்தாண்டி கண்ணு" என்று தைரியம் சொன்னார். அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. அவள் கை நடுங்குவதைப் பார்த்தேன். நடுங்குகிற கையால் பிரேக் பிடிக்க முடியுமா? "எல்லோரும் இறங்குங்கள். தள்ளிக்கொண்டே போகலாம்" என்றேன். ஒரு மணி நேரம் பாதை ஓரமாகத் தள்ளிக்கொண்டு இறங்கினோம். வழியில் காட்டு ஸ்ட்ராபெரி பறித்துத் தின்றோம். மறுநாள் ஓய்வு. அதற்கு மறுநாள் காலையில், "அந்தப் பச்சைப் பாதைக்கு இன்னொரு தடவை போகலாமா?" என்று முதலில் கேட்டது அவள்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம்: யார் வேண்டுமானாலும், எந்த இடத்தில் வேண்டுமானாலும் ‘இறங்கு’ என்று சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது. கேலி செய்யக் கூடாது. உங்கள் வீட்டுச் சட்டத்தை விமானம் ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

இன்னும் சில ஜாக்கிரதைகள்

ஒரு வாரத்துக்குள் பையனுக்கு எல்லை தாண்டும் ஆசை வந்துவிடும். லிஃப்ட் மாறி மாறி ஏறி, ஸ்விட்ஸர்லாந்துக்குள் ஷாம்பெரி வரையில் போய் வரலாம். ஆசைதான், ஆனால் கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால், மலையைச் சுற்றிக்கொண்டு சாலை வழியே வெகு தூரம் வண்டியில் வர வேண்டும். பாஸ்போர்ட்டும் கொஞ்சம் ஸ்விஸ் பிராங்க் பணமும் கையில் இருக்கட்டும். அங்கே நாணயம் வேறு. டெலிபோன் திட்டமும் அங்கே செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலில் இடி மழை திடீரென்று வரும். காலையில் சீக்கிரம் புறப்பட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் கீழே வந்துவிடுவது நல்லது. ஆட்டு மந்தைக்குப் பக்கத்தில் பெரிய வெள்ளைக் காவல் நாயைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்குங்கள்; ஓடாமல், கத்தாமல், சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து விலகுங்கள். ஆபத்து என்றால் இரண்டு தேசத்திலும் டெலிபோன் எண் 112. குழந்தைகளுக்கும் மனப்பாடமாகட்டும்.

போகும்போது வரிசையும் முக்கியம். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், நடுவில் குழந்தைகள். மிகவும் மெதுவாகப் போகிறவர் இரண்டாவதாகப் போகட்டும். கடைசியில் விட்டால், தனியாகப் பின்தங்கிப் பயந்துபோவார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு புறப்படுங்கள். அப்படி நின்ற ஒரு திருப்பத்தில்தான், மேகம் விலகித் தூரத்தில் மோன் பிளாங்க் சிகரம் வெள்ளை வெளேரென்று எனக்குத் தரிசனம் கொடுத்தது. வேகமாகப் போயிருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன்.

எல்லாம் சரி, பையை யார் பார்த்துக்கொள்வது என்றுதானே கேட்கிறீர்கள்? முதுகில் மாட்டும் பையாக ஒன்று வாங்குங்கள். தண்ணீர், பிஸ்கட், பிளாஸ்திரி, மழைச் சட்டை எல்லாவற்றையும் அதில் போடுங்கள். பிறகு அதை எடுத்து, மிகவும் மரியாதையாக, அவர் முதுகில் மாட்டிவிடுங்கள்!